நெற்றியில் 96, தொட்டால் கொதிக்குது: வண்டியில் டெம்பரேச்சரை எதில் பார்ப்பது?

புதுவயல்_இஎம்டி

வணக்கம். காரைக்குடி, தேவகோட்டை பக்கம் ஆம்புலன்ஸ் வேலை. வண்டியில் நெற்றிக்குக் காட்டுற கன் ஒண்ணு, கக்கத்தில் வைக்கிற சாதா டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒண்ணு இருக்கு. அக்னி நட்சத்திரம் தொடங்கினதிலிருந்து கன் காட்டுறதை நம்ப முடியலை. சூளை வேலையில் மயங்கினவங்களைத் தொட்டா அனலா இருக்கு, கன்னில் 96.4 வருது. ஏசியில் ஏத்தினதும் இன்னும் இறங்குது. அதே ஆளுக்குக் கக்கத்தில் 102 தாண்டுது. கன் கெட்டுப்போச்சா, நான் பிடிக்கிற விதம் தப்பா? பச்சிளங்குழந்தைக்கும் இதே கன்னைக் காட்டலாமா? (எண்ணெல்லாம் ஃபாரன்ஹீட்.)

கல்லல்_காத்து

தம்பி, கன் கெட்டிருக்கணும்னு இல்லை. அது உடம்புக்குள்ள இருக்கிற சூட்டைப் பார்க்கிறதில்லை, நெற்றித் தோலில் இருந்து வர்ற அகச்சிவப்புக் கதிரை அளந்து ஒரு கணக்குப் போட்டுக் காட்டுது. தோல் நனைஞ்சிருந்தா கணக்கே தப்பு. வியர்வை ஆவியாகும்போது நெற்றி குளிர்ந்துடும், உள்ளே 105 இருந்தாலும் வெளியே 96 காட்டும். மயங்கினவங்க முகத்தில் அக்கம்பக்கத்துக்காரங்க ஏற்கெனவே ஒரு சொம்புத் தண்ணியை அடிச்சிருப்பாங்க, அதையும் கேட்டுக்குங்க. திருநீறு, சந்தனம், தலையில் கட்டின துண்டு எல்லாமே எண்ணை மாத்தும். துடைச்சுட்டு, தோல் காய்ஞ்ச பிறகு, கையேட்டில் சொன்ன தூரத்தில் (பெரும்பாலும் 3 முதல் 5 செ.மீ.) நேரா பிடிக்கணும். ஏசி காத்து முகத்தில் அடிக்கிறப்ப பார்க்கவே கூடாது.

ஆனா நீங்க சொல்ற சூளை கேஸில் இதெல்லாம் செஞ்சும் பலன் குறைவு. வெயிலில் வேலை பார்த்த ஆள், பேச்சு குழறுது, ஆளை அடையாளம் தெரியலை, இல்ல வலிப்பு வருதுன்னா அது ஹீட் ஸ்ட்ரோக்னு வச்சுக்கிட்டு உடனே குளிர்விக்க ஆரம்பிங்க. கன்னில் 96 வந்ததுங்கிறதுக்காக அதைக் கைவிடாதீங்க. "வியர்வை நின்னிருந்தாத்தான் ஹீட் ஸ்ட்ரோக்"னு இன்னும் சிலர் சொல்றாங்க. சூளை, கான்கிரீட், மஞ்சுவிரட்டு மாதிரி உடம்பு உழைச்சு வர்ற ஹீட் ஸ்ட்ரோக்கில் ஆள் தொப்பலா நனைஞ்சிருப்பார்.

செஞ்சை_நர்ஸக்கா

கல்லல் அண்ணன் சொன்னதோடு சேர்த்துச் சொல்கிறேன். ஹீட் ஸ்ட்ரோக்கில் நம்பத் தகுந்த அளவு மலக்குடலில் பார்ப்பதுதான். உள்ளே 104, அதாவது 40 டிகிரி செல்சியஸ் தாண்டி, கூடவே மூளைக் குழப்பமும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். வண்டியில் அதற்கான ப்ரோபும் (உள்ளே வைத்து அளக்கும் முனை) அனுமதியும் இல்லையென்றால் கக்கத்து எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். அது உள்சூட்டைவிட ஒன்றிரண்டு டிகிரி குறைவாகவே காட்டும் என்பதை மறக்காதீர்கள். கக்கத்தில் 102 என்றால் உள்ளே 104 இருக்கலாம்.

நினைவு தப்பியவருக்கும் வலிப்பு வந்தவருக்கும் வாயில் வைக்கவே கூடாது, கடித்துவிடுவார்கள். ஆக்சிஜன் மாஸ்க் போட்டவருக்கும் வேகமாக மூச்சு வாங்குபவருக்கும் வாய் அளவு பொய் சொல்லும்.

குளிர்விப்பது: சட்டையைக் கழற்றி, உடம்பு முழுக்கத் தண்ணீர் தெளித்து, ஜன்னலைத் திறந்து காற்றுப் படவிடுங்கள். நம் பக்கத்து மதிய வறண்ட காற்றில் இது நன்றாக வேலை செய்யும். ஈரத் துண்டைப் போர்த்தினால் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். சூடேறிய துண்டை அப்படியே விட்டால் அது போர்வையாகிவிடும். ஐஸ் கிடைத்தால் துணியில் சுற்றிக் கழுத்து, கக்கம், தொடையிடுக்கு. பாராசிட்டமால் வேண்டாம், இது கிருமிக் காய்ச்சல் இல்லை, மாத்திரைக்கு இறங்காது. சர்க்கரையைக் குத்திப் பாருங்கள், தாழ்சர்க்கரையும் இதே குழப்பத்தைத்தான் காட்டும். வாந்தி வந்தால் இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வையுங்கள். உள்சூடு 102க்கு இறங்கியதும் நிறுத்தலாம், தொடர்ந்தால் தேவைக்கு மேல் இறங்கிவிடும்.

ஒரு விஷயம் அடிக்கடி தவறுகிறது. கக்கத்தில் ஐஸ் வைத்த பிறகு அதே கக்கத்தில் தெர்மாமீட்டர் வைத்து "இறங்கிடுச்சு" என்று எழுதி அனுப்புகிறார்கள். அது ஐஸின் சூடு!

பச்சிளங்குழந்தைக்கு நெற்றிக் கன் வேண்டாம். டிஜிட்டலைக் கக்கத்தின் ஆழத்தில் வைத்து, கையை உடம்போடு சேர்த்துப் பிடியுங்கள். 97.7 முதல் 99.5 வரை சரி. 97.7க்குக் கீழே போனாலே குளிர் தாக்குகிறது என்று அர்த்தம். எண் பார்ப்பதற்கு முன்பே புறங்கையால் தொட்டுப் பாருங்கள்: வயிறு கதகதப்பு, பாதம் சில்லிப்பு என்றால் தொடக்கம், இரண்டும் சில்லிப்பு என்றால் ஆபத்து. வெளியே 40 டிகிரி செல்சியஸ் வெயில் அடித்தாலும் சிவகங்கை மெடிக்கல் காலேஜ் போய்ச் சேர்வதற்குள் ஏசி குழந்தையை வாட்டிவிடும். ஏசியை நிறுத்தி, குல்லா போட்டு, அம்மாவின் மாரோடு தோல்படச் சேர்த்துக் கட்டுங்கள். அம்மாவுக்குப் புழுக்கமாகத்தான் இருக்கும், சொல்லிப் புரியவையுங்கள். மூன்று மாதத்துக்குள் உள்ள குழந்தைக்கு 100.4 வந்தால் சாதாரணக் காய்ச்சலாக எடுத்துக்கொள்ளாமல் முன்கூட்டியே ஆஸ்பத்திரிக்குத் தகவல் கொடுங்கள்.

மானிட்டர்_மெக்கானிக்

கருவி பக்கம் ரெண்டு வார்த்தை. அந்தக் கன்களில் உடம்பு, பொருள்னு ரெண்டு மோடு இருக்கும். பொருள் மோடில் விழுந்துட்டா கணக்குப் போடாம தோல் சூட்டை அப்படியே காட்டும், நல்லா இருக்கிற ஆளுக்கே 93, 94 வரும். முதல்ல அதைப் பாருங்க, பாதி புகார் அங்கேயே தீரும்.

அடுத்தது, வைக்கிற இடம். பெரும்பாலான கன்கள் சுற்றுச்சூடு 40 டிகிரி செல்சியஸ் வரைதான் சரியா வேலை செய்யும்னு கையேட்டில் போட்டிருக்கும். வெயிலில் நிறுத்தின வண்டியின் டேஷ்போர்டு அதைத் தாண்டிப் போயிடும். அங்கே கிடந்த கன்னை எடுத்து உடனே ஏசிக்குள்ள நீட்டினா எண் தாறுமாறாத்தான் வரும். நோயாளியைப் பார்க்கிற அறையிலேயே 15 முதல் 30 நிமிஷம் இருந்து பழகணும். பைலட்டிடம் (வண்டி டிரைவர்) சொல்லி, பின்பக்க கேபினில் ஒரு நிரந்தர இடம் ஒதுக்குங்க.

லென்ஸில் விரல் ரேகையோ தூசியோ இருந்தா எண் குறைவா வரும். ஆல்கஹால் பஞ்சில் துடைச்சு, முழுசா காய்ஞ்சதும் பயன்படுத்துங்க. பேட்டரி அடையாளம் மின்ன ஆரம்பிச்சா மாத்திடுங்க, "இன்னும் ஓடுது"ன்னு இழுக்காதீங்க.

டிஜிட்டலில் ஒரு எல்லை உண்டு. பல மாடல்கள் 32 டிகிரி செல்சியஸுக்குக் கீழே எண் காட்டாது, 'எல்' எழுத்துதான் வரும். ஊருணியில், கண்மாயில் விழுந்து எடுத்த ஆளுக்கு 'எல்' வந்தா கருவி பழுதுன்னு தூக்கிப் போடாதீங்க. கக்கத்தைத் துடைச்சு, நுனி நல்லா பட்டிருக்கான்னு பார்த்து, மறுபடி வையுங்க.

கல்லல்_காத்து

குளிர் பத்தி பேச்சு வந்ததால: சிராவயல் மஞ்சுவிரட்டில் குத்துப்பட்ட ஆளுக்கும் டெம்பரேச்சர் பாருங்க. ரத்தம் போன உடம்பு சூட்டைப் பிடிச்சு வைக்காது, 96.8க்குக் கீழே இறங்கினா ரத்தம் உறையறதே மந்தமாகும். காயத்தைப் பார்க்கச் சட்டையைக் கிழிச்சா, பார்த்து முடிச்சதும் போர்வை போட்டு ஏசியைக் குறைங்க. வயசானவங்களுக்குக் கிருமி ரத்தத்தில் பரவினாலும் காய்ச்சல் வராம 96க்குக் கீழே போறது உண்டு. நாடித்துடிப்பு, மூச்சு எண்ணிக்கையோட சேர்த்துத்தான் படிக்கணும்.

புதுவயல்_இஎம்டி

ரொம்ப நன்றி அண்ணே, அக்கா. மோடைப் பார்த்தேன், பொருள் மோடு இல்லை, லென்ஸ்தான் மங்கலா இருக்கு. கடைசியா ஒண்ணு: கக்கத்தில் வர்ற எண்ணோட ஒரு டிகிரி கூட்டி பி.சி.ஆரில் (நோயாளி பத்தி வண்டியில் எழுதுற பதிவுத் தாள்) எழுதலாமா? சிலர் அப்படித்தான் எழுதுறாங்க.

செஞ்சை_நர்ஸக்கா

கூட்ட வேண்டாம் தம்பி. நீங்கள் ஒன்று கூட்டி எழுதினது தெரியாமல் கேஷுவால்டியில் இன்னொருவர் ஒன்று கூட்டுவார். வந்த எண், எந்த இடம், எந்தக் கருவி, எத்தனை மணி என்று எழுதுங்கள்: "102.2, வலது கக்கம், டிஜிட்டல், 2.40, குளிர்விக்கும் முன்" என்பது போல. அடுத்த அளவையும் அதே இடத்தில், அதே கருவியில் எடுங்கள். அந்தக் கக்கத்தில் ஐஸ் வைக்க வேண்டியிருந்தால் மறு கக்கத்தை அளவுக்கென்று விட்டுவிட்டு, முதல் அளவையும் அங்கேயே எடுத்துவிடுங்கள். பீப் அடித்ததும் எடுக்காமல் இன்னும் இரண்டு மூன்று நிமிடம் விட்டுப் பாருங்கள், கக்கத்தில் எண் ஏறிக்கொண்டே இருக்கும். சந்தேகமாக இருந்தால் அளவோடு நினைவுநிலையையும் சொல்லி இ.ஆர்.சி.பி. டாக்டரிடம் (ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு மையத்தில் போனில் ஆலோசனை சொல்லும் டாக்டர்) கேளுங்கள்.