கீரிப்பிள்ளை கதையை முழுசாகச் சொல்வீர்களா?

வைகைக்கரை:
கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: பாப்பாவைக் காக்கப் பாம்பைக் கொன்ற கீரியை, பாப்பாவைத்தான் கடித்துவிட்டது என்று நினைத்து அம்மா கொன்றுவிடுவாள். தண்ணீர்க் குடத்தோடு வரும் அம்மா, கீரியின் வாயில் ரத்தத்தைப் பார்க்கிற இடம் வந்ததும் என் மகள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "குடத்தைப் போட வேண்டாம்னு சொல்லும்மா." ஆனாலும் மீதியைச் சொல்லி முடித்தேன். அவள் அழவில்லை. "கீரி எதுக்கு வாசலுக்கு ஓடி வந்துச்சு?" என்று மட்டும் கேட்டாள். பாப்பாவைக் காப்பாற்றிவிட்டேன் என்று சொல்லத்தான் என்றேன். சிறுவயதில் நான் பாம்பை நினைத்துத்தான் பயந்திருக்கிறேன். கீரி ஆசையாக ஓடி வந்ததை யோசித்ததே இல்லை. இப்போது அதுதான் மனதை அறுக்கிறது.

புன்னைநிழல்:
சின்னக் குழந்தைக்கு இந்தக் கதை வேண்டாம் அம்மா. எங்கள் வீட்டில் குரங்கும் முதலையும்தான். ஈரலை மரத்திலேயே வைத்துவிட்டு வந்ததாகக் குரங்கு சொல்லும் இடத்தில் பேரன் எப்போதும் கைதட்டிச் சிரிப்பான். போன வாரம் சிரிக்கவில்லை. "முதலைக்கு இனிமே யாரு தாத்தா நாவப்பழம் போடுவா?" என்றான். எனக்குப் பதில் வரவில்லை.

சுண்ணக்கட்டி:
ஐயா, நண்பனைக் கொல்வதற்காக முதுகில் ஏற்றிப் போகிற கதை மட்டும் மென்மையானதா? மூன்றாம் வகுப்பில், கீரி பிழைத்துக்கொள்வதாக மாற்றி எழுதிய ஒரு புத்தகத்தை வாசித்தேன். "எங்க ஆயா சொன்னதுல செத்துப்போச்சே டீச்சர்" என்று ஒரு பையன் எழுந்து நின்றான். அன்றோடு அந்தப் புத்தகத்தை மூடிவிட்டேன்.

பஞ்சதந்திரத்தின் ஐந்தாம் பகுதியே ஆராயாமல் செய்யும் காரியங்களைப் பற்றியது. விஷ்ணுசர்மா ஆறு மாதத்தில் மூன்று அரசகுமாரர்களுக்குப் புத்தி வரவைப்பதாகச் சொல்லித்தான் இந்தக் கதைகளைத் தொடங்குகிறார். கீரி பிழைத்துவிட்டால் அங்கே கதையே இல்லை. சிலப்பதிகாரத்திலும் இது வருகிறது. கீரியைக் கொன்ற பெண்ணைக் கணவன் விட்டுப் போக, கோவலன் பொருள் கொடுத்து அவர்களைச் சேர்த்துவைத்ததை அடைக்கலக் காதையில் மாடலன் என்ற மறையவன் சொல்கிறான். கொன்றவளுக்கு அப்புறம் என்ன ஆனது என்றும் நம் ஆட்கள் யோசித்திருக்கிறார்கள், பாருங்கள்.

ஒன்று செய்யுங்கள். இந்தக் கதையைத் தூங்கப்போகும்போது சொல்லாதீர்கள், சாயங்காலமே சொல்லுங்கள். பிள்ளைக்குக் கேள்வி கேட்க நேரம் வேண்டும். முடிந்ததும் "இதிலிருந்து என்ன தெரிகிறது?" என்று கேட்கவே கூடாது. அந்த ஒரு கேள்வியில் கீரி செத்துப் பாடம் ஆகிவிடும். குரலை மாற்றி நடிக்கவும் வேண்டாம். மெதுவாகச் சொன்னாலே போதும்.

மேலத்தெரு:
டீச்சர், கதையை மாற்றவே கூடாது என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பாட்டி வடை சுட்ட கதையில் எங்கள் அப்பாவுக்குத் தெரிந்த நரி வடையோடு ஓடிவிடும். என் மகள் பள்ளியில் கேட்ட காக்காவோ வடையைக் காலில் இடுக்கிக்கொண்டு பாடியது. ஒருநாள் அப்பா இரண்டையும் அடுத்தடுத்துச் சொன்னார். இப்போது அவள் இரண்டையும் கேட்கிறாள், முதலில் நரி ஜெயிப்பது, அப்புறம் காக்கா ஜெயிப்பது. வரிசை மாறினால் தாத்தாவை விடமாட்டாள்.