குளோரின் சென்சார் காலையில் சரி, பிற்பகலில் பாதி: அளவுத்திருத்தத்தில் என்ன பிழை?

ஏரிநீர் ஆபரேட்டர்:
எங்கள் நிலையம் ஏரி நீரைச் சுத்திகரித்து வழங்குகிறது. வெளியேறும் குழாயில் மெம்பிரேன் வகை ஆம்பரோமெட்ரிக் சென்சார் (மென்சவ்வு வழியே புகும் குளோரின் உண்டாக்கும் மின்னோட்டத்தை அளப்பது) உள்ளது. காலை 7 மணிக்கு டிபிடி சோதனையில் (குளோரின் இருந்தால் இளஞ்சிவப்பாகும் மருந்தை இட்டு அளப்பது) வரும் 0.8 மி.கி./லி. அளவுக்குக் கருவியை அமைக்கிறேன். பிற்பகல் 3 மணிக்கும் டிபிடி அதே 0.8 காட்ட, கருவி 0.35-க்கு இறங்கிவிடுகிறது. அப்போது ஸ்லோப்பை (சென்சாரின் மின்னோட்டத்தைக் குளோரின் அளவாக மாற்றும் எண்ணை) திருத்தினால், மறுநாள் காலையில் 1.8-க்கு மேல் ஏறி நிற்கிறது. மெம்பிரேனும் எலக்ட்ரோலைட்டும் சென்ற மாதம்தான் மாற்றப்பட்டன. விற்பனையாளர் புதிய சென்சார் வாங்கச் சொல்கிறார், வாங்கத்தான் வேண்டுமா?

வடிகட்டி:
வாங்குவதற்கு முன் அந்த இரண்டு நேரங்களிலும் நீரின் பிஹெச் (அமில, காரத் தன்மை) அளவைப் பாருங்கள். நீரில் குளோரின் ஹைப்போகுளோரஸ் அமிலம், ஹைப்போகுளோரைட் அயனி என இரு வடிவில் இருக்கும்; இவ்வகைச் சென்சார் பெரும்பாலும் அமிலத்தை மட்டுமே உணர்கிறது. டிபிடியோ அந்த அமிலத்தையும் ஹைப்போகுளோரைட் அயனியையும் சேர்த்தே அளக்கிறது. பிஹெச் 7.4-இல் ஏறத்தாழ 56 விழுக்காடு அமிலமாக இருக்கும் குளோரின், 8.0-இல் 24 விழுக்காடாகக் குறைந்துவிடும். 0.8-ஐ 24-ஆல் பெருக்கி 56-ஆல் வகுத்தால் 0.34, ஏறத்தாழ உங்கள் 0.35 வருகிறது. திறந்த தொட்டியில் பாசி இருந்தால், வெயில் ஏற ஏற அது கரியமில வாயுவை உறிஞ்சி பிஹெச்சை உயர்த்துவது இயல்பு. ஆகவே கருவி பொய் சொல்லவில்லை. கிருமியை விரைவாகக் கொல்லும் பகுதி உண்மையிலேயே குறைந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 30 நிமிடத் தொடர்புக்குப் பின் 0.5 மி.கி./லி. என்று சொல்லும்போது, பிஹெச் 8-க்குக் கீழ் என்ற நிபந்தனையையும் சேர்த்தே சொல்கிறது.

பழைய கெமிஸ்ட்:
மேலே சொன்னது சரியே. ஆனால் டிபிடி எடுக்கும் முறை தவறினால் எந்தத் திருத்தமும் வீண் என்பதால் அதையும் கவனியுங்கள். மாதிரியைத் தொட்டியிலிருந்து எடுக்காமல் ஃப்ளோ செல்லின் (சென்சார் பொருத்திய, மாதிரி நீர் ஓடும் சிறு கலத்தின்) வெளிவாயிலிலேயே பிடித்து, மருந்திட்ட ஒரு நிமிடத்துக்குள் படியுங்கள். தாமதித்தால் குளோரமைனும் (அம்மோனியாவுடன் சேர்ந்த குளோரினும்) நிறம் காட்டத் தொடங்கி அளவைக் கூட்டிவிடும். குளோரின் மிக அதிகமானால் இளஞ்சிவப்பு வெளுத்து, ஒன்றுமே இல்லாததுபோலத் தோன்றும் (நான் ஒருமுறை இதில் ஏமாந்து குளோரினை மேலும் கூட்டினேன்). ஃப்ளோ செல்லில் நீரோட்டம் கையேட்டில் உள்ள அளவில் நிலையாக இருக்க வேண்டும். மெம்பிரேன் மாற்றிய பின் சில மணி நேரம் ஓடவிட்டே ஸ்லோப்பைத் தொட வேண்டும். ஒவ்வொரு முறையும் ஸ்லோப் எண்ணைப் பதிவேட்டில் எழுதுங்கள். பிஹெச் மாறாதபோதும் அது தொடர்ந்து சரிந்தால்தான் சென்சார் தேய்கிறது என்று பொருள்.

ஏரிநீர் ஆபரேட்டர்:
அளந்தேன் ஐயா: காலையில் 7.4, பிற்பகலில் 8.0. எங்கள் டிரான்ஸ்மிட்டரில் (சென்சாரின் அளவைக் காட்டும் கருவியில்) பிஹெச் உள்ளீடு இருந்தும் இதுவரை எதுவும் இணைக்கப்படவில்லை.

வடிகட்டி:
இணைத்துவிடுங்கள், பிஹெச் மாற்றத்தைக் கருவியே ஈடுசெய்யும்; ஆனால் முதலில் பிஹெச் எலக்ட்ரோடைப் பஃபர் கரைசல்களில் (பிஹெச் தெரிந்த, நிலையான கரைசல்களில்) சரிபார்த்த பிறகே குளோரினைத் திருத்துங்கள். பிஹெச் 8 அருகில் 0.1 தவறினாலே கணக்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பிசகும். கோடையில் 8.5-ஐத் தாண்டினால் இந்த ஈடுசெய்தலும் நம்பத்தக்கதன்று. மாதிரி நீரில் அமிலப் பஃபர் சேர்த்து அளக்கும் கருவியே அப்போது பொருந்தும்.