ஸ்வீட் ஹோம் 3டி: 16 அடி அடித்தால் 15.44 காட்டுகிறது, யாராவது உதவுங்கள்

கன்னங்குறிச்சி மனை:

வணக்கம். கன்னங்குறிச்சியில் 32க்கு 40 மனையில் அப்பா அம்மாவுக்காக வீடு கட்டப் போகிறோம். மேஸ்திரி ஒரு நோட்டுத் தாளில் பென்சிலால் பிளான் போட்டுக் கொடுத்திருக்கிறார். கட்டுவதற்கு முன்னால் வீட்டுக்குள் நடந்து பார்க்கிற மாதிரி அப்பாவுக்குக் காட்டலாம் என்று மூன்று நாளாக ஸ்வீட் ஹோம் 3டி என்கிற வீட்டுப் பிளான் வரையும் சாஃப்ட்வேரில் வரைகிறேன், அளவு சேரவே மாட்டேன் என்கிறது.

தாளில் இருப்பது இது: ஹால் 16 x 11, பக்கத்தில் பெட்ரூம் 10.6 x 11, பின்னால் சமையலறை 8.10 x 10. வெளிச்சுவர் 9 இஞ்ச், நடுச்சுவர் நாலரை இஞ்ச். சுவர் வரையும்போது இந்த எண்களைத்தான் அப்படியே அடித்தேன். உள்ளே அளவுக்கோடு போட்டுப் பார்த்தால் ஹால் 15.44 அடி, ஆழம் 10.25, பெட்ரூம் 10.04, சமையலறை அகலம் வெறும் 7.54. முன்பக்க மொத்த அகலம் மேஸ்திரி கணக்கில் 28 அடி நாலரை இஞ்ச். எனக்கு 27.35 வருகிறது. ஒரு அடி எங்கே போனது என்று தெரியவில்லை.

அப்பா மனையடி பார்க்கிறவர். உள்கூடு, அதாவது சுவருக்குச் சுவர் உள்ளளவு, 16, 11 என்று உட்கார்ந்து முடிவு செய்ததே அவர்தான். நேற்று திரையில் 15.44-ஐப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டார். சாஃப்ட்வேரை அழித்துவிட்டு மறுபடி போட்டும் பார்த்தேன், அதே எண்கள்தான்.

சூரமங்கலம் லேப்டாப்:

பிளான் தாளை போனில் படம் பிடித்து அடியில் பேக்ரவுண்ட் இமேஜாகப் போட்டீர்களா? எனக்கு அப்படித்தான் ஆனது. போனைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் தாளின் ஒரு பக்கம் அகலமாகவும் எதிர்ப்பக்கம் குறுகலாகவும் விழும், ஒரு சுவருக்கு ஸ்கேல் சரியாக வைத்தால் எதிர்ச்சுவர் தப்பாகும். ஸ்கேனரில் தட்டையாக வைத்து எடுத்த படத்தை மாற்றிப் போட்டேன், சரியாகிவிட்டது. அப்புறம் ஸ்கேல் வைக்கும்போது சின்னச் சுவரை எடுக்காதீர்கள். இருப்பதிலேயே நீளமான கோட்டின் இரண்டு முனைகளைத் தொட்டு அளவு கொடுங்கள். கை கொஞ்சம் நகர்ந்தாலும் நீளமான கோட்டில் பிழை பெரிதாகத் தெரியாது.

கன்னங்குறிச்சி மனை:

நன்றிங்க. முதல் நாள் படம் வைத்துத்தான் ஆரம்பித்தேன், அப்புறம் எடுத்துவிட்டேன். இப்போது அடியில் படமே இல்லை, எல்லாம் எண் அடித்து வரைந்த சுவர்கள்தான்.

அஸ்தம்பட்டி டிராயிங்:

நான் பதினெட்டு வருஷமாக பிளான் வரைகிறேன். உங்கள் எண்களைப் பார்த்ததும் ஒரு பேப்பரில் போட்டுப் பார்த்தேன், ஒவ்வொரு இஞ்சுக்கும் கணக்கு கிடைக்கிறது. சாஃப்ட்வேரில் கோளாறு இல்லை. இரண்டு வேறு வேறு விஷயங்கள் ஒன்றாகச் சேர்ந்து உங்களைக் குழப்புகின்றன.

முதல் விஷயம், ஸ்வீட் ஹோம் 3டி-யில் நீங்கள் அடிக்கிற சுவர் நீளம் உள்ளளவும் இல்லை, வெளியளவும் இல்லை. அது சுவரின் நடுக்கோடு. கொத்தனார் சென்டர் லைன் மார்க்கிங் என்று சொல்வாரே, அதேதான். சுவரை இரண்டு தரம் கிளிக் செய்து அளவுப் பெட்டியைத் திறந்து பாருங்கள், தொடக்கப் புள்ளியிலிருந்து முடிவுப் புள்ளிக்கு எவ்வளவு தூரம் என்றுதான் கேட்டிருக்கும். அந்தப் புள்ளிகள் சுவரின் கனத்துக்கு நட்ட நடுவில் இருக்கின்றன. அதனால் 16 அடி என்று அடித்தால், ஒரு பக்கம் 9 இஞ்ச் சுவரில் பாதி நாலரை இஞ்ச், மறுபக்கம் நாலரை இஞ்ச் சுவரில் பாதி இரண்டேகால் இஞ்ச், ஆக ஆறேமுக்கால் இஞ்சைச் சுவர்களே எடுத்துக்கொள்ளும். 16 அடியில் ஆறேமுக்கால் இஞ்ச் போனால் 15 அடி ஐந்தேகால் இஞ்ச். அதுதான் உங்கள் 15.44. ஆழத்தில் இரண்டு பக்கமும் 9 இஞ்ச் சுவர், அதனால் முழுசாக 9 இஞ்ச் போய் 10.25 ஆனது.

இரண்டாவது விஷயம் புள்ளி. மேஸ்திரி 10.6 என்று எழுதினால் பத்தடி ஆறு இஞ்ச், பத்தரை அடி. சேலத்தில் எந்த சைட்டுக்குப் போனாலும் இப்படித்தான் எழுதுவார்கள், எழுதுகிறவருக்கும் படிக்கிறவருக்கும் அது புரியும். ஆனால் நீங்கள் பிரிஃபரன்சஸில் யூனிட்டை தசம அடியாக வைத்திருக்கிறீர்கள். தசமத்தில் 10.6 அடி என்றால் பத்தடி ஏழு இஞ்சுக்கும் கொஞ்சம் மேல். இதிலாவது ஒரு இஞ்ச்தான் வித்தியாசம். 8.10-ஐப் பாருங்கள். மேஸ்திரிக்கு அது எட்டடி பத்து இஞ்ச். கம்ப்யூட்டருக்கு 8.10-ம் 8.1-ம் ஒன்று, அதாவது எட்டடி ஒன்றேகால் இஞ்சுக்குக் கொஞ்சம் குறைவு. ஏறக்குறைய 9 இஞ்ச் அங்கேயே போய்விட்டது, அதற்கு மேல் நடுக்கோட்டில் ஆறேமுக்கால். சமையலறை 7.54 ஆனது இதனால்தான். புள்ளியால் ஒரு அறையில் கூடி ஒரு அறையில் குறைந்ததால் உங்களால் ஒரே மாதிரியான பிழை என்று பிடிக்க முடியவில்லை.

செய்ய வேண்டியது: யூனிட்டை இஞ்ச், பின்னத்தோடு காட்டுகிற வகைக்கு மாற்றுங்கள். அதில் அடி, இஞ்ச் இரண்டையும் குறியோடு அடிக்கலாம், 10'6" என்று. அப்புறம் ஒவ்வொரு உள்ளளவோடும் இரண்டு பக்கச் சுவரின் பாதியைக் கூட்டி அடியுங்கள். ஹால் அகலம் 16'6 3/4", பெட்ரூம் 11'0 3/4", ஆழம் 11'9", சமையலறை அகலம் 9'4 3/4". ஹாலையும் பெட்ரூமையும் கூட்டினால் 27'7 1/2", அதோடு இரண்டு ஓரத்திலும் வெளிச்சுவரின் பாதி சேர்ந்து 9 இஞ்ச், 28 அடி நாலரை இஞ்ச் வந்துவிடுகிறது. மேஸ்திரி கணக்கு இஞ்ச் சுத்தம்.

வரைந்த சுவர்களைத் திருத்த வேண்டாம், ஒன்றைத் தொட்டால் ஒட்டியிருக்கிற சுவரும் நகரும். புதிதாக வரையுங்கள். சுவர் வரைகிற நேரத்தில் என்டர் தட்டினால் நீளம், கோணம், கனம் கேட்கும், அதில் அடித்துக்கொண்டே போகலாம்.

அம்மாபேட்டை:

அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். என் அப்பா கொத்தனார். உள்கூடு 11 அடி என்று வீட்டுக்காரர் சொன்னால் அவர் முதலில் கேட்கிற கேள்வி, பூச்சுக்கு முன்னாலா பின்னாலா என்பதுதான். உள்பூச்சு பக்கத்துக்கு அரை இஞ்ச் வைத்தாலும் இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரு இஞ்ச். மனையடி பார்க்கிற வீடுகளில் பூச்சு முடிந்து டேப் பிடிக்கும்போது 10 அடி 11 இஞ்ச் என்று வந்தால் அந்த வருத்தம் லேசில் போகாது, நான் நேரில் பார்த்திருக்கிறேன். உங்கள் அப்பாவிடமும் மேஸ்திரியிடமும் இப்போதே கேட்டுவிடுங்கள். பூச்சுக்குப் பின் 11 வேண்டும் என்றால் எல்லா அளவிலும் இன்னொரு இஞ்ச் கூட்ட வேண்டும், மொத்த அகலமும் இரண்டு இஞ்ச் வளரும்.

கன்னங்குறிச்சி மனை:

ரொம்ப நன்றி. ராத்திரி உட்கார்ந்து முழுசாக மறுபடி வரைந்தேன். ஹால் உள்ளே 16'0". பெட்ரூம் 10'6". அப்பாவை எழுப்பிக் காட்டலாமா என்று தோன்றியது, காலையில் காட்டினேன். பூச்சு பற்றிக் கேட்டதும், பின்னால்தான் என்று சட்டென்று சொன்னார். அதையும் சேர்த்துத் திருத்த வேண்டும்.

இன்னும் மூன்று கேள்விகள். ஹாலுக்குள் இரண்டு தரம் கிளிக் செய்தால் தரை வரவில்லை, மற்ற அறைகளுக்கு வருகிறது. ரெண்டாவது, இன்று காலையிலிருந்து எந்தச் சுவரையும் தேர்ந்தெடுக்க முடியவில்லை. மூன்றாவது, மே மாதம் மதியம் என்று வைத்து போட்டோ எடுத்தால் வடக்குச் சுவரில் வெயில் விழுகிறது, தெற்குச் சுவர் நிழலில் இருக்கிறது. திசை தப்பா?

சூரமங்கலம் லேப்டாப்:

தரை வராதது சுவர் மூலையில் எங்கோ இடைவெளி இருப்பதால். நன்றாகப் பெரிதாக்கி நாலு மூலையையும் பாருங்கள், ஒரு மூலையில் மயிரிழை திறந்திருக்கும். அந்த முனையை இழுத்து அடுத்த சுவரோடு ஒட்டவிட்டால் தரை விழும். தரை விழுந்ததும் பரப்பு எழுதும், அது உள்ளளவுப் பரப்பு. பூச்சுக்கு முன் உங்கள் ஹாலுக்கு 176 சதுர அடி வந்தால் எல்லாம் சரி. பழைய வரைபடத்தில் 158 சொச்சம் காட்டியிருக்கும்.

சுவரைத் தொட முடியாததற்குக் காரணம் பூட்டு. பிளான் மெனுவில் லாக் பேஸ் பிளான் என்று ஒன்று உண்டு, தெரியாமல் கை பட்டிருக்கும். அதைத் திறந்துவிடுங்கள்.

அஸ்தம்பட்டி டிராயிங்:

வெயில் கேள்விக்கு நான் சொல்கிறேன், இது வீடு கட்டுகிற எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது. திசை தப்பில்லை. சேலம் வட அட்சரேகை 11.65-ல் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாவது வாரத்தில் நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வருகிறது, அதற்குப் பிறகு ஆகஸ்ட் மூன்றாவது வாரம் வரை உச்சிவேளையில் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. ஜூன் 21 மதியம் கிட்டத்தட்ட 12 டிகிரி வடக்கு. அந்த நாலு மாதமும் காலையில் வடகிழக்கிலிருந்தும் சாயங்காலம் வடமேற்கிலிருந்தும் சாய்வாக அடிக்கும். வடக்கு ஜன்னலுக்கு வெயிலே வராது, சன்ஷேட் வேண்டாம் என்று செலவு மிச்சம் பிடித்த வீடுகள் எனக்குத் தெரியும், கோடையில் அந்த அறைகளில் மாலை நாலு மணிக்கு உட்கார முடியாது. வடமேற்கில் படுக்கையறை வைக்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். டிசம்பரில் எதிர்ப்பக்கம், மதியம் தெற்கிலிருந்து 55 டிகிரி உயரத்தில் அடிக்கும், தெற்கு ஜன்னல் வழியாக உள்ளே வரும்.

ஆனால் ஒன்றைச் சரிபாருங்கள். பிளான் மெனுவில் காம்பஸைத் திறந்து அட்சரேகை 11.65, தீர்க்கரேகை 78.15, நேர மண்டலம் ஆசியா கொல்கத்தா என்று இருக்கிறதா பாருங்கள். நேர மண்டலம் வேறாக இருந்தால் நீங்கள் மதியம் என்று கேட்பது அதற்கு வேறு நேரமாகிவிடும். வடக்கு அம்புக்குறியையும் உங்கள் மனைக்குத் தக்கபடி திருப்புங்கள்.

நாகலூர் காபிக்காடு:

இடையில் நுழைகிறேன், மன்னியுங்கள். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எங்கள் காட்டில் சின்ன வீடு கட்டுகிறோம். இடம் சரிவு, 30 அடிக்கு 4 அடி இறங்குகிறது. இதே சாஃப்ட்வேரில் தரை தட்டையாகவே இருக்கிறது, சாய்க்க வழி தெரியவில்லை. சமையலறையை மூன்று படி கீழே இறக்கியிருக்கிறோம், அதைப் போட்டதும் மண்ணில் குழி விழுந்த மாதிரி காட்டுகிறது.

அஸ்தம்பட்டி டிராயிங்:

தரையைச் சாய்க்க அதில் வழி இல்லை, தேடி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். நீங்கள் ஹாலைப் பூஜ்யமாக வைத்துச் சமையலறையை மைனஸில் இறக்கியிருப்பீர்கள். பூஜ்யத்துக்குக் கீழே போனால் அது பூமிக்கு அடியில் என்று எடுத்துக்கொண்டு மண்ணை வெட்டிவிடும். மனையின் ஆகத் தாழ்ந்த மூலையைப் பூஜ்யமாக வையுங்கள். அங்கிருந்து எல்லாமே மேலே போகட்டும். சமையலறைக்கு ஒரு லெவல், ஹாலுக்கு அதைவிட 18 இஞ்ச் உயரமாக இன்னொரு லெவல். படி ஒன்றுக்கு 6 இஞ்ச் வீதம் மூன்று படிக்கு அதுதான் கணக்கு. லெவலின் உயரத்தைத் தனித்தனியாக அடிக்கலாம். பேஸ்மட்டச் சுவருக்கு ஆரம்பத்தில் ஒரு உயரம், முடிவில் வேறு உயரம் கொடுக்கலாம், சரிவைத் தாங்குகிற சுவரை அப்படியே காட்டும். 3டி-யில் ஒரு லெவல் மறைந்தால் பயப்படாதீர்கள், 3டி மெனுவில் எல்லா லெவலையும் காட்டச் சொன்னால் வந்துவிடும்.

மண்ணின் சாய்வும் படத்தில் தெரிய வேண்டும் என்றால் அதை ப்ளெண்டர் என்கிற வேறொரு 3டி சாஃப்ட்வேரில் தனியாகச் செய்து ஓபிஜே என்கிற 3டி கோப்பாக உள்ளே கொண்டுவந்து, ஒரு மேஜை நாற்காலியை வைக்கிற மாதிரி வைக்கலாம். ஆனால் அதற்கு முன் தண்ணீர் டியூப் பிடித்து 5 அடிக்கு ஒரு இடத்தில் மட்டம் எடுத்து எழுதுங்கள். கண்ணால் பார்த்துச் சொல்கிற 4 அடி சரிவு, டியூப் பிடித்தால் மாறி வரலாம். தாங்குசுவரின் உயரமும் செலவும் அதை வைத்துத்தான்.

நாகலூர் காபிக்காடு:

சரிங்க. மழை விட்டதும் டியூப் பிடித்துவிட்டு எழுதுகிறேன்.

கன்னங்குறிச்சி மனை:

பூட்டைத் திறந்தேன், ஹாலின் தென்கிழக்கு மூலைதான் திறந்திருந்தது, ஒட்டிவிட்டேன், 176 வந்தது. அப்புறம் பூச்சுக்கு ஒரு இஞ்ச் சேர்த்து மறுபடி வரைந்து, 1-க்கு 50 ஸ்கேலில் பிரிண்ட் எடுத்தேன். முதல் தாள் பக்கத்துக்குப் பொருந்துகிற மாதிரி சுருங்கி வந்துவிட்டது, பிரிண்டர் செட்டிங்கில் அதை எடுத்த பிறகுதான் சரியாக விழுந்தது. ஒவ்வொரு அறையிலும் அடி, இஞ்ச் என்று எழுத்தாலேயே எழுதினேன், எங்கேயும் புள்ளி வைக்கவில்லை.

இன்று காலை மேஸ்திரி நூல் கட்டினார். அப்பா டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார், நான் மறுமுனையை. ஹாலுக்கு நடு நூலுக்கும் நடு நூலுக்கும் 16 அடி ஏழேமுக்கால் இஞ்ச். அப்பா தாளைப் பார்த்தார், டேப்பைப் பார்த்தார், அடுத்தது பெட்ரூம் என்று அவரே சொல்லிக்கொண்டு நகர்ந்தார்.