மறு: சாம்ப்ளர் ‘மாட்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழு நண்பர்களுக்கு,

வணக்கம்.

> சாம்ப்ளர் = மாதிரியெடுப்பி, சாம்ப்ளர் மாட் = மாதிரியெடுப்பி மேம்பாடு. இத்துடன் முடித்துக்கொள்ளலாமா?

ஐயா, இப்போதே முடித்துவிட வேண்டாம். சாம்ப்ளர் என்பது ஒலியைப் பதிந்து, வெட்டி, விரும்பியபடி வாசிக்க விடும் மின்னணு இசைக்கருவி; வாங்கிய கருவியை நம் தேவைக்கு மாற்றியமைப்பதுதான் ‘மாட்’. பழைய சாம்ப்ளரைத் திறந்து நினைவகம் கூட்டுகிறவருக்கு இந்தச் சொற்களை வைத்து ஒரு பக்கக் குறிப்பு எழுதிப் பார்த்தேன். சொற்கள் அங்கே நிற்கவில்லை. எங்கே சறுக்குகின்றன என்று சொல்கிறேன்.

அகாய் நிறுவனத்துக்காக ரோஜர் லின் வடிவமைத்து 1988இல் வந்த எம்.பி.சி. 60 என்ற சாம்ப்ளரை எடுத்துக்கொள்வோம். உள்ளே வரும் ஒலியை அது நொடிக்கு 40,000 முறை அளக்கிறது. ஒவ்வோர் அளவையும் 12 பிட் எண்ணாகச் சேமிக்கிறது. அதன் நினைவகம் 750 கிலோபைட் என்று விளம்பரங்களில் போடுவார்கள். எண்ணிக்கையில் அது 5,24,288 எண்களுக்கான இடம். 40,000ஆல் வகுத்தால் 13.1 விநாடி வருகிறது. விரிவாக்க அட்டை செருகினால் இடம் இரட்டித்து 26.2 விநாடி ஆகும்.

சரி, இந்தக் கருவியில் எத்தனை ‘மாதிரி’ கொள்ளும்? மின்னணுப் பொறியாளரைக் கேட்டால் ஐந்து லட்சத்துக்கு மேல் என்பார். தாளம் அமைப்பவரைக் கேட்டால் கிக், ஸ்நேர், ஹைஹேட் என்று டிரம் ஒலிகளை எண்ணிப் பார்த்து இருபது முப்பது என்பார். இருவர் சொல்வதும் சரிதான். ஒரு கணத்தில் அளந்த ஓர் எண்ணுக்கும், வெட்டி எடுத்த ஓர் ஒலிக்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர் இருப்பதால் வந்த சிக்கல் இது. ஆங்கிலம் பேசுகிறவர்கள் பழக்கத்தில் சமாளித்துக்கொள்கிறார்கள். புதிதாகச் சொல் ஆக்கும் நாம் அந்தக் குழப்பத்தையும் சேர்த்து இறக்குமதி செய்ய வேண்டியதில்லை.

அளந்த எண்ணுக்குப் புதிய சொல் தேட வேண்டாம். தமிழ்நாட்டுப் புள்ளியியல் பாடநூல்களில் ‘கூறு’, ‘கூறெடுப்பு’ என்று ஏற்கெனவே இருக்கின்றன. நொடிக்கு 40,000 என்பது கூறெடுப்பு வீதம். வெட்டி எடுத்த ஒலிக்கு ‘ஒலித்துணுக்கு’ போதும்; இடம் தெளிவாக இருந்தால் வெறும் ‘துணுக்கு’. ‘ஒலியெடுப்பு’ என்று வந்த பரிந்துரையை நான் ஏற்கத் தயங்குவதற்கு ஒரே காரணம், இசைக்காரர்களுக்கு எடுப்பு என்றால் வேறு பொருள். தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம் எடுப்பு. பல்லவிக்கும் அந்தப் பெயர் உண்டு. இசைக்கருவி பற்றிய சொல்லே இசைக்காரரைக் குழப்பக் கூடாது.

அடுத்தது கருவியின் பெயர். ‘மாதிரியெடுப்பி’ பாதி வேலையைத்தான் சொல்கிறது. எடுப்பதை டேப் ரிக்கார்டரும் செய்யும். எடுத்ததை விரலுக்கு அடியில் கொண்டுவந்து, வேகத்தை மாற்றிச் சுருதியை ஏற்றி இறக்கி வாசிக்க விடுவதுதான் சாம்ப்ளரின் தனித்தன்மை. 1987இல் வந்த ஈ-மு நிறுவனத்தின் எஸ்.பி. 1200 சாம்ப்ளரில் ஒரு துணுக்குக்கு இரண்டரை விநாடிதான் இடம், மொத்தமே பத்து விநாடி. கூறெடுப்பு வீதமும் ஏறக்குறைய 26,000தான். நியூயார்க்கின் ஹிப்-ஹாப் கலைஞர்கள் இதற்குள் புகுந்து விளையாடினார்கள். நிமிடத்துக்கு 33 சுற்று ஓடும் இசைத்தட்டை 45 சுற்றில் ஓடவிட்டுப் பதிவார்கள். பிறகு கருவியில் சுருதியை இறக்கி வாசிப்பார்கள். இரண்டரை விநாடிக்குள் மூன்றேகால் விநாடிக்கு மேற்பட்ட இசை அடங்கிவிடும். வேகம் இறங்கும்போது சேரும் அந்தக் கரகரப்பையே பிறகு தேடிப் போனார்கள். எந்தப் பலகையையும் தொடாமல் கருவியின் கொள்ளளவைக் கூட்டிய வேலை இது. இது முழுக்க வாசிப்பில் நடந்தது. பெயரில் வாசிப்பு இல்லாவிட்டால் எப்படி? என் பரிந்துரை ‘துணுக்கிசைப்பி’. பேச்சில் சாம்ப்ளர் என்பதே இருக்கட்டும், அதில் தவறில்லை. அகராதிக்கும் கட்டுரைக்கும் இது வேண்டும்.

இப்போது ‘மாட்’. ‘மேம்பாடு’ என்பதில் எனக்கு உடன்பாடில்லை. எம்.பி.சி. 60-க்கு ரோஜர் லின்னே பின்னாளில் 3.10 மென்பொருளை வெளியிட்டார். வடிவமைத்தவர் கையாலேயே வந்தது. அதை மேம்பாடு என்றால் பொருந்தும். அகாயின் பிற்காலச் சாம்ப்ளரான எம்.பி.சி. 1000-க்கு வந்த ஜேஜே ஓ.எஸ். அப்படியல்ல. அது அகாய் வெளியிட்டதில்லை. வெளியிலிருந்து ஒருவர் எழுதிக் கொடுத்த இயங்குதளம். அதே கருவியில் 16 மெகாபைட் நினைவகத்தை 128 ஆக்குவது இன்னொரு வகை வேலை. பழைய சாம்ப்ளர்களில் ஃப்ளாப்பி டிரைவைக் கழற்றிவிட்டு, அதே கேபிளில் பென்டிரைவ் செருகும் கோடெக் (Gotek) பலகையைப் பூட்டுவது மூன்றாவது வகை. எல்லாமே வாங்கியபடி விட்டுவிடாமல் கருவியைத் தன் வேலைக்கு ஏற்பப் பண்படுத்துவது. பலர் பழைய கருவிகளின் 12 பிட் ஒலியை வேண்டுமென்றே அப்படியே விட்டுவிட்டு நினைவகத்தையும் டிரைவையும் மட்டும் மாற்றுகிறார்கள். இதை மேம்பாடு என்றால் பழைய ஒலி தாழ்ந்தது என்ற தொனி வந்துவிடும்.

நான் முன்வைப்பது ‘திருத்தம்’. பிழை இருந்தால்தானே திருத்தம் என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். காடு திருத்திக் கழனியாக்கினார்கள் என்கிறோம். காட்டில் என்ன பிழை இருந்தது? இருப்பதைப் பயனுக்கு ஏற்ப மாற்றுவதும் திருத்துவதுதான். சட்டத் திருத்தத்தை யாரும் எழுத்துப்பிழை நீக்கம் என்று படிப்பதில்லை. தையல்கடையிலும் பைக் பட்டறையிலும் ‘ஆல்ட்ரேஷன்’ என்கிறார்களே, அந்த இடத்தில் இது அழகாக உட்காரும். பொதுப்பெயர் கருவித் திருத்தம். அதற்குள் நினைவக விரிவு, இயங்குதள மாற்று, வட்டியக்கி (டிரைவ்) மாற்று என்று வேலையைப் பொறுத்துப் பிரித்துக்கொள்ளலாம். பழுது நீக்குவதற்குப் ‘பழுதுபார்ப்பு’ தனியாக இருப்பதால் மோதலும் இல்லை.

ஒன்று மட்டும் இன்னும் எனக்குத் தீரவில்லை. கேசியோ எஸ்.கே.1 போன்ற சிறு விசைப்பலகைகளைத் திறந்து, சுற்றில் இணையக்கூடாத இரண்டு புள்ளிகளைக் கம்பியால் இணைத்து, எதிர்பாராத ஒலிகளைப் பிறப்பிக்கும் கலைக்கு ரீட் கசாலா என்ற அமெரிக்கக் கலைஞர் சூட்டிய பெயர் ‘சர்க்யூட் பெண்டிங்’. இதைச் ‘சுற்றுவளைப்பு’ என்று பட்டியலில் போட்டிருக்கிறோம். தயவுசெய்து நீக்கிவிடுங்கள். ஈழத்து வாசகருக்குச் சுற்றிவளைப்பு என்றால் ராணுவம் ஊரைச் சூழ்ந்து வீடு வீடாகத் தேடுவது. அந்த நினைவோடு வாழ்கிறவர்கள் இந்தக் குழுவிலும் இருப்பார்கள்; அவர்கள் முன்னால் ஒரு பொம்மைக் கருவியின் விளையாட்டுக்கு அந்தச் சொல்லை வைக்க எனக்கு மனம் வரவில்லை. ‘குறுக்கிணைப்பு’ என்று யோசித்திருக்கிறேன். பாடநூலின் ‘குறுக்குச் சுற்று’க்கு (ஷார்ட் சர்க்யூட்) உறவாகவும் இருக்கிறது, செய்யும் வேலையையும் நேராகச் சொல்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் எழுதும் நண்பர்கள் இதைப் பற்றிச் சொன்னால், அடுத்த பட்டியலில் அதன்படி சேர்த்துவிடலாம்.

அன்புடன்