ஆந்திரேயா ஜானி: அப்பா ரத்தமா, வெலாஸ்கோ பட்டறையா?

பின்வரிசை:
இத்தாலி வாலிபால் அணிக்காக 474 ஆட்டம் ஆடியவர் ஜானி. 1990, 1994, 1998 என வரிசையாக மூன்று முறை உலக சாம்பியன். அப்பா தாரியோ 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் இத்தாலிக்காகத் துடுப்பு வலித்தவர். புலிக்குப் பிறந்தது பூனையாகுமா?

ஸ்மாஷ்ராஜா:
புலி தண்ணீரில் துடுப்பு வலித்தது, குட்டி வலைக்கு மேலே எம்பியது. இதில் ரத்தம் எங்கே வந்தது? படகில் போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். வாலிபாலில் அப்படி நின்றால் பந்து மண்டையில்தான் விழும். ஜானியை ஆளாக்கியது அர்ஜென்டினாக்காரர் ஹூலியோ வெலாஸ்கோ. அவர் பயிற்சியாளராக வந்தபின் 1989இல் ஐரோப்பிய சாம்பியன், மறுவருடம் ரியோவில் கியூபாவை வீழ்த்தி உலக சாம்பியன். ஜானியோடு ஆடிய பெர்னார்டி, லுக்கெட்டா எல்லாரும் அந்தப் பட்டறையில் அடித்த இரும்புதான்.

பின்வரிசை:
வெலாஸ்கோ வருமுன்பே 18 வயதில் சியோல் ஒலிம்பிக் ஆடிவிட்டாரே? பார்மா கிளப்புக்கு முதல்நிலை லீக்கில் இறங்கியபோது 15 வயது. சரி, ரத்தம் என்றது தப்பு, வளர்ப்பு என்று வைத்துக்கொள்வோம். தோற்ற மறுநாளும் பயிற்சிக்குப் போக வேண்டும் என்பதை ஒலிம்பிக் வீரர் இருக்கிற வீட்டில் யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

லிபரோ:
இரண்டு பேரும் தங்கத்தை மறந்துவிட்டீர்கள். ஐந்து ஒலிம்பிக் ஆடினார், இரண்டு வெள்ளி, ஒரு வெண்கலம், அவ்வளவுதான். 1992 காலிறுதியில் நெதர்லாந்திடம் ஐந்தாவது செட்டில் 17-16. 1996 அட்லாண்டா இறுதியில் மறுபடி அதே நெதர்லாந்து, மறுபடி ஐந்தாவது செட், 17-15. அப்பா வளர்ப்பும் வெலாஸ்கோவும் சேர்ந்தே இருந்தும் அந்த இரண்டு புள்ளி கிடைக்கவில்லை. தங்கம் வந்தது 2024 பாரிஸில், பிரான்ஸின் பயிற்சியாளராக. அரையிறுதியில் 3-0 என்று அவர் அணியிடம் விழுந்தது யார்? இத்தாலி!

ஸ்மாஷ்ராஜா:
அதை முழுசாக அவர் கணக்கில் எழுதாதீர்கள். முந்தைய பயிற்சியாளர் லோரான் தில்லி 2021இல் டோக்கியோவில் ஏற்கெனவே தங்கம் வாங்கிக் கொடுத்த அணி அது. சமைத்து வைத்த சாப்பாடு.

பின்வரிசை:
தில்லியா! அவர் மகன் கெவின் அந்த இரண்டு தங்க அணியிலும் ஆடினார். அம்மா நெதர்லாந்தின் வாலிபால் வீராங்கனை, தம்பி கிலியன் அமெரிக்காவின் என்பிஏ லீக் வரை போன கூடைப்பந்து வீரர். என் தரப்பு சாட்சியை நீங்களே கூட்டிவந்து கூண்டில் ஏற்றிவிட்டீர்கள்.

ஸ்மாஷ்ராஜா:
அங்கே அப்பாவும் வாலிபால், மகனும் வாலிபால். ஜானி வீட்டில் துடுப்பு. எப்படி ஒப்பிடுவது? ஆனால் சாப்பாட்டுப் பேச்சை வாபஸ் வாங்குகிறேன். யாரும் எதிர்பார்க்காத ஸ்லோவேனியாவை 2015இலும், ஜெர்மனியை 2017இலும் ஐரோப்பிய இறுதிக்குக் கொண்டுபோனவர். அது வெலாஸ்கோ சொல்லிக்கொடுத்த பாடம்.

லிபரோ:
அந்த வெலாஸ்கோவும் பாரிஸில்தான் இருந்தார். ஆகஸ்ட் 10இல் ஜானிக்குத் தங்கம். மறுநாள் வெலாஸ்கோவின் இத்தாலி பெண்கள் அணிக்குத் தங்கம். அட்லாண்டாவில் சேர்ந்து தோற்றவர்கள், 28 வருடம் கழித்து ஆளுக்கொன்று.

பின்வரிசை:
தாரியோவை விட்டுவிட்டீர்கள்.