கலைச்சொல்: ‘ஸ்வெல்’ தமிழில் எப்படி?

அனைவருக்கும் வணக்கம். மீனவர்களுக்கான கடல் வானிலைக் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். ‘ஸ்வெல்’லில் (swell, நேர்ப்பொருள் ‘வீங்குதல்’) சிக்கி நிற்கிறேன். ‘வீங்கலை’ என்று எழுதிப் பார்த்தால் நோயின் பெயர் போல ஒலிக்கிறது. அடிக்கிற காற்றில் அங்கேயே எழும் அலை வேறு. தென்கடலில் புயல் கிளப்பிவிட, அந்தக் காற்றை விட்டு விலகி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடிவரும் இந்த அலை வேறு. 18 நொடி அலை (ஒரு முகடு கடந்து அடுத்த முகடு வர 18 நொடி) என்றால் ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் நடுவே ஆழ்கடலில் ஏறத்தாழ 500 மீட்டர். அலைக்கூட்டம் மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் நகரும். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 40 பாகையில் கிளம்பினால் குமரிக்கு வர நான்கு நாளுக்கு மேல் ஆகும். வெறும் ‘அலை’ என்று போட்டால் இதெல்லாம் விட்டுப்போகும்.
– செ.

அன்புள்ள செ., சொல் இருக்கும்போது ஏன் ஆக்கவேண்டும்? ஓதம். ஓ என்பது ஒலிக்குறிப்பு. ஓலம், ஓதை, ஓதுதல் எல்லாம் அதன் கிளைகள். சிலப்பதிகாரக் கானல்வரியில் ‘உழவர் ஓதை மதகோதை’ நினைவிருக்கும். ஒலித்து எழுந்து வரும் நீர் ஓதம். ‘ஊது’வுக்கும் இதற்கும் உறவு உண்டு என்பது என் நெடுநாள் எண்ணம், ஊதினால் பருக்கும் அல்லவா, பருத்தல் என்ற பொருளும் உள்ளேயே கிடக்கிறது. விரிவாகத் தனி மடலில் எழுதுகிறேன்.
– பேரா. மு.

ஐயா, மன்னிக்கவும். வகுப்பில் ஓதம் என்றால் நிலவின் ஈர்ப்பால் வரும் ஏற்றவற்றம்; புவியியல் பாடநூலே அப்படித்தான் சொல்கிறது. பேச்சில், ஈரம் ஊறிய சுவரைப் பார்த்து, சுவர் ஓதம் காத்துக் கிடக்கிறது என்கிறோம். மூன்றாவதாக ஒரு பொருளையும் ஏற்றினால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?
– தி., ஆசிரியை

எங்க கரையில இதுக்குப் பேரு உண்டு: கள்ளக்கடல். காத்து இருக்காது, மழை இருக்காது, வானம் வெறிச்சுன்னு கிடக்கும். கடல் மட்டும் ஏறி வரும். கரையில ஏத்தி வச்ச வள்ளத்தை இழுத்துட்டுப் போவும், அடுக்களை வரைக்கும் தண்ணி நிக்கும். கள்ளன் மாதிரி வருது, அதான் அந்தப் பேரு. 2012-லேயே யுனெஸ்கோ ஏத்துக்கிட்ட சொல்லு. ஐதராபாத்துல இருக்கிற கடல் தகவல் மையம் இன்காய்ஸ் (INCOIS) விடுற எச்சரிக்கையிலயும் இதுதான் வருது. இன்னும் எதைத் தேடுறீங்க?
– அ., குளச்சல்

அது மலையாள வழக்கு, தம்பி. கேரளக் கரையிலிருந்து எடுத்தது.
– மு.

ஐயா, 1956 நவம்பர் வரைக்கும் நாங்களும் அந்தக் கரையோட சேர்ந்த திருவிதாங்கூர்-கொச்சிதான். கடலுக்கு எல்லைக்கல் நட்டது யாரு? கள்ளனும் கடலும் தமிழ் இல்லையா? வள்ளுவர் கள்ளாமைக்கு ஒரு அதிகாரமே வச்சிருக்காரு.
– அ.

அ. சொல்வதை முழு மனதோடு ஏற்கிறேன், ஆனால் பாதிக்குத்தான். கள்ளக்கடல் என்பது கரையில் நடப்பது. எந்தச் சேதமும் இல்லாத நாளிலும் வானிலை அட்டவணையில் ‘ஸ்வெல் 1 மீட்டர், 12 நொடி’ என்று வரும். அதையும் கள்ளக்கடல் என்று தினமும் போட்டால், உண்மையில் வருகிற அன்று யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அலைக்குத் தனிச்சொல் வேண்டும். தொலையலை?
– செ.

வானொலியில் வாசித்துப் பாருங்கள். “இன்று தொலையல” என்று காதில் விழும், எதுவோ தொலையவில்லை என்பதுபோல. நெட்டலை நல்லது. நெடு + அலை, நெட்டெழுத்து போலத் தன்னொற்று இரட்டும். நன்னூல் இடம் கொடுக்கிறது. முகட்டிடை நீளமும் அதில் வந்துவிடுகிறது.
– தி.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சொல். எங்கள் தலைமுறைக்குச் சிற்றலை என்றால் வானொலி. நெட்டலை என்றால் அதன் அண்ணன் என்றுதான் நினைப்பம். கடற்தொழிலாளர் காற்றை அது வரும் திசையை வைத்தல்லவோ அழைக்கினம்: வடக்கு வாடை, கிழக்கு கொண்டல், மேற்கு கச்சான், தெற்கு சோழகம். அலைக்கும் அப்படி வைத்தால் என்ன? சோழகம் எழுப்பாத தெற்கலை என்று.
– வ.

சோழகம்! தெற்கிலிருந்து வரும் காற்றுக்குச் சோழர் பெயர் எப்படி வந்தது? யாழ்ப்பாணத்துக்குச் சோழநாடு வடக்கே அல்லவா இருக்கிறது? ‘சுழல்’ என்ற வேரிலிருந்து பார்க்கவேண்டும் என்று தோன்றுகிறது…
– மு.

ஐயா, அதற்குத் தனி இழை தொடங்கலாம், நானும் வருகிறேன். அச்சகத்திலிருந்து இரண்டு முறை அழைத்துவிட்டார்கள். அரபிக்கடலுக்கும் வங்கக்கடலுக்கும் பொதுவான கையேட்டில் ‘தெற்கலை’ நிற்காது, புயல் எழுப்பியது வடக்கிலிருந்தும் வரும். இப்போதைக்கு அட்டவணையில் நெட்டலை. முதல் முறை வரும் இடத்தில் ‘தொலைவிலிருந்து ஓடிவரும் நெட்டலை’. கரை எச்சரிக்கையில் கள்ளக்கடல். தி., வ. இருவரும் சரி என்று தனிமடலில் எழுதினார்கள். வ. அரைமனதோடுதான்.
– செ.

நெட்டலைன்னு எங்க ஆளுக யாரும் சொல்லப்போறதில்ல, இப்பவே சொல்லிடுதேன். ஆனா ஒண்ணு: உயரத்துக்குப் பக்கத்துல நொடியை அதே பெரிய எழுத்துல போடுங்க. ஒரு மீட்டர்தானேன்னு நினைச்சு வள்ளத்தைத் தாழ்வுல விட்டுட்டு வீட்டுக்குப் போயிடுவான். ஒரு மீட்டர் 7 நொடியில வந்தா கவலை இல்ல. 18 நொடியில வந்தா வள்ளத்தை மேட்டுக்கு ஏத்தணும்.
– அ.

நொடியைப் போடுங்கள், மிக அவசியம். ஓதத்தை நான் விடவில்லை. இரண்டாம் பதிப்புக்கு முன் என் கட்டுரை வரும்.
– மு.