‘சரவுண்ட்’டுக்குத் தமிழ்: விளிம்பா, மடியா, கரையா?

பழைய தரைப்பெட்டி ஸ்பீக்கர் பராமரிப்புக் கையேடு: சொற்பட்டியல் இழை. வழக்கம்போல் பெயருக்குப் பதில் அவரவர் பேட்டை.

பெரம்பூர்:

வணக்கம். ஊஃபர் (அடித்தொனி எழுப்பும் பெரிய ஸ்பீக்கர்) அத்தியாயம் ஒரே ஒரு சொல்லுக்காகக் காத்துக் கிடக்கிறது. கூம்பின் வெளி ஓரத்தைச் சட்டகத்தோடு இணைக்கும், வளைந்து கொடுக்கும் பாகம், ஆங்கிலத்தில் சரவுண்ட். அதன் வேலைகள்: கூம்பு முன்னும் பின்னும் போய்வர இடம் கொடுப்பது, பக்கவாட்டில் சாயாமல் பிடிப்பது, பெட்டிக்குள் இருக்கும் காற்று முன்பக்கம் கசியாமல் அடைப்பது, கூம்பில் ஓடிவரும் அதிர்வை ஓரத்திலேயே விழுங்குவது. ‘விளிம்பு’ என்று வைத்துவிடலாமா? மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள்.

அம்பத்தூர்:

மறுப்பு உண்டு ஐயா. ஒட்டும் படியில் இந்தச் சொல்லைப் போட்டுப் பாருங்கள்: ‘விளிம்பின் உள்விளிம்பில் பசை தடவி, கூம்பின் விளிம்பில் பொருத்தி, உலர்ந்தபின் வெளிவிளிம்பைச் சட்டகத்தின் விளிம்பில் ஒட்டவும்.’ படிப்பவர் பசையைக் கையில் வைத்துக்கொண்டு எந்த விளிம்பு என்று முழிப்பார். கூம்புக்கும் விளிம்பு உண்டு, சட்டகத்துக்கும் உண்டு. இந்தப் பாகத்துக்குத் தனிப்பெயர் வேண்டும்.

‘சுற்று’, ‘சூழ்’ என்று யாரும் ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்: சூழொலி ஏற்கெனவே ஹோம் தியேட்டருக்குப் போய்விட்டது.

கோடம்பாக்கம்:

சென்னை எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் எல்லாரும் ‘ஃபோம்’ என்றுதான் சொல்கிறார்கள். ‘ஃபோம் போயிடுச்சு, ஃபோம் மாத்தணும்.’ புழக்கத்தில் ஒரு சொல் இருக்கும்போது நாம் எதற்கு இன்னொன்றை உருட்ட வேண்டும்? தமிழ்தான் வேண்டுமென்றால் ‘நுரை’ என்று போட்டுவிட்டுப் போகலாமே.

அம்பத்தூர்:

> ‘நுரை’ என்று போட்டுவிட்டுப் போகலாமே

தம்பி, அந்தச் சொல்லால்தான் நல்ல ஊஃபர்கள் கெடுகின்றன. எல்லாமே நுரை இல்லை. கிளிப்ஷ் கம்பெனியின் கார்ன்வால் (1959), லா ஸ்காலா (1963) போன்ற பெரிய பெட்டிகளின் ஊஃபரில் இருப்பது பூச்சு ஏற்றிய நெளிதுணி. அது பத்திருபது வருடத்தில் உதிர்ந்து போகிற சரக்கு அல்ல. செர்வின் வேகாவின் பேர்போன சிவப்பு வளையம் நுரை. டானாயில் இரண்டும் உண்டு: 15 இன்ச் மானிட்டர் கோல்டில் நெளி ஓரம், 1974-இல் வந்த ஹெச்பிடி வரிசையில் நுரை உருளை. பின்னாளில் ரப்பர் பரவலானது.

பொருளுக்குப் பொருள் வைத்தியம் வேறு. நுரை என்பது பாலியூரித்தேன். காற்றின் ஈரமும் ஆக்சிஜனும் அதன் மூலக்கூறுச் சங்கிலியை அறுத்துக்கொண்டே இருக்கும். பாட்டுப் போட்டாலும் போடாவிட்டாலும் இது நடக்கும். 10 முதல் 20 ஆண்டு தாங்கும் என்று பொதுவாகச் சொல்வது. சென்னை போன்ற கடலோர ஊரில் சின்ன எண்ணை நம்புவது நல்லது. பெட்டியைத் துணி போட்டு மூடி அலமாரிக்குள் வைத்திருந்தாலும் தப்பாது. முதலில் விரலில் பிசுபிசுவென்று ஒட்டும், பிறகு பொடியாக உதிரும். சிலிகான் ஸ்ப்ரே, கார் டேஷ்போர்டு பாலிஷ் எதுவும் அதை மீட்காது. மாற்றத்தான் வேண்டும்.

துணியில் பிரச்சினை வேறு. நூல் அப்படியே இருக்கும். மேலே தடவிய பூச்சு காய்ந்து நுண்துளை திறந்துவிடும். மூடிய பெட்டியாக இருந்தால் சோதிப்பது எளிது. இரண்டு கையின் விரல்களாலும் கூம்பைச் சமமாக மெல்ல உள்ளே அமுக்கி விடுங்கள். மெதுவாகத் திரும்பி வந்தால் காற்று அடைபட்டிருக்கிறது. சட்டென்று துள்ளி வந்தால் ஓரத்திலோ தூசிமூடியிலோ (கூம்பின் நடுவிலுள்ள குமிழ்) சட்டகத்துக்கு அடியிலோ கசிவு. துணிதான் காரணம் என்றால் வளையும் வகைப் பூச்சை மெல்லிசாக ஒரு கை தடவினால் தீர்ந்தது.

இந்த ஊஃபரைக் கொண்டுபோய் ‘ஃபோம் மாத்துங்க’ என்றால் கடைக்காரர் சொன்னதைத்தான் செய்வார். நல்ல துணியைச் சுரண்டி எறிந்துவிட்டு நுரை ஒட்டித் தருவார். பத்து வருடம் கழித்து அதுவும் உதிரும். ஆகவே பொருளைச் சொல்லாமல் பாகத்தை மட்டும் சொல்லும் பெயர் வேண்டும். பொருளை முன்னொட்டாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

மயிலாப்பூர்:

பாதி உருளையாக மடிந்து நிற்பதால் ‘விளிம்புமடி’ எப்படி? நுரைமடி, துணிமடி, ரப்பர்மடி என்று முன்னொட்டும் ஒட்டுகிறது.

கோடம்பாக்கம்:

அம்மா, கணினிக்காரர்கள் மடியை எடுத்துக்கொண்டுபோய் ரொம்ப நாளாகிறது. அதோடு, துணிமடி என்று உங்கள் மாடவீதியில் சொல்லிப் பாருங்கள். ஸ்பீக்கர் யாருக்கும் ஞாபகம் வராது!

மயிலாப்பூர்:

சரி, அதை விட்டுவிடுகிறேன். இன்னொன்று இருக்கிறது: ‘கரை’. வேட்டிக்கும் புடவைக்கும் சொல்கிறோமே, அதே கரை. துணியின் ஓரம் என்பது வேறு, கரை என்பது வேறு. கரைக்கு அகலம் உண்டு, தனி நூல் உண்டு, தனி நிறம் உண்டு. உடலிலிருந்து வேறுபட்ட ஒரு பகுதி ஓரம் முழுக்க ஓடினால் அது கரை. முழுச்சொல் ‘கூம்புக்கரை’; ஒருமுறை சொன்னபின் ‘கரை’ போதும். நுரைக்கரை, துணிக்கரை, ரப்பர்க்கரை.

பெரம்பூர்:

‘வளையம்’, ‘பட்டை’ எல்லாம் இதைவிட எளிதாக இல்லையா?

அம்பத்தூர்:

வளையம் என்றால் தனியே செய்து கொண்டுவந்து ஒட்டியது என்று ஆகிவிடும். நுரைக்கும் ரப்பருக்கும் அது சரி. ஆனால் பழைய காகிதக் கூம்பு பலவற்றில் அதே காகிதமே ஓரத்தில் மெலிந்து நெளிநெளியாக முடியும். அங்கே ஒட்டும் கிடையாது, பிரிக்கவும் முடியாது. வேட்டியின் கரையும் அப்படித்தான் அதே தறியில் நெய்தது. ஒட்டியதற்கும் ஒட்டாததற்கும் ஒரே சொல் பொருந்துகிறது என்றால் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். மயிலாப்பூர் அம்மாவுக்கு என் வாக்கு.

கோடம்பாக்கம்:

பேச்சில் கரையும் கறையும் ஒன்றாகத்தான் கேட்கும். ‘ஸ்பீக்கர்ல கரை போயிடுச்சு’ என்றால் சோப்புப் போட்டு எடுத்த மாதிரி இருக்கிறது. ‘நுரைக்கரை கரைந்துவிட்டது’ என்று எழுதும்போது சிரிக்காமல் இருக்கவும் முடியவில்லை.

மயிலாப்பூர்:

‘உதிர்ந்துவிட்டது’ என்று எழுதுங்கள். உண்மையில் நடப்பதும் அதுதானே.

பெரம்பூர்:

பட்டியலில் அழகாக இருந்து பத்தியில் நொண்டுகிற சொற்கள் நிறையப் பார்த்தாயிற்று. அம்பத்தூர், கரை மாற்றும் படிகளை இந்தச் சொல்லை வைத்தே எழுதி அனுப்ப முடியுமா?

அம்பத்தூர்:

வரைவு கீழே.

“ஊஃபரைக் கழற்றும் முன் எந்த வயர் எந்த முனைக்கு என்று குறித்துக்கொள்ளவும். 1.5 வோல்ட் பேட்டரியின் நேர்முனையைச் சிவப்பு முனையில் தொட்டால் கூம்பு வெளியே வர வேண்டும். பழைய ஜேபிஎல்லில் உள்ளே போகும். அது அவர்கள் வைத்த முறை, பழுது அல்ல. பெயரளவில் 8 ஓம் ஊஃபரின் சுருள் (கூம்பை அசைக்கும் கம்பிச்சுற்று) மல்டிமீட்டரில் ஏறக்குறைய 5.5 முதல் 7 ஓம் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் சுருள் அறுந்திருக்கிறது, கரை மாற்றிப் பயனில்லை.

சட்டகத்தின் மேல் ஒட்டியிருக்கும் அட்டை வளையத்தை மழுங்கிய பட்டைக் கத்தியால் நெம்பி, உடையாமல் எடுத்து வைக்கவும். பழைய நுரையை விரலாலேயே உருட்டி எடுக்கவும். மிச்சப் பிசினை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைக்கவும். காகிதக் கூம்பை ஊறவிடக் கூடாது. பழைய கரை கூம்பின் முன்பக்கம் ஒட்டியிருந்ததா பின்பக்கமா என்று பார்த்து வைக்கவும். புதியதும் அதே பக்கம்தான் போக வேண்டும்.

தூசிமூடியைச் சுற்றிப் பிளேடால் அறுத்து எடுத்தால் சுருளுக்கும் நடுவிலுள்ள இரும்புத் தூணுக்கும் இடையே மெல்லிய இடைவெளி தெரியும். ஓவர்ஹெட் புரொஜெக்டர் ஷீட்டையோ பழைய எக்ஸ்ரே ஃபிலிமையோ ஒரு விரல் அகலத்துக்கு நறுக்கி நான்கு பக்கமும் அதில் செருகவும். சுருள் இப்போது அசையாமல் நடுவில் நிற்கும்.

முதலில் கரையின் உள்ஓரத்தைக் கூம்பில் ஒட்டி இரவு முழுக்க விடவும். மறுநாள் வெளிஓரத்தைச் சட்டகத்தில் ஒட்டி, சுற்றிலும் துணி கிளிப் போடவும். பசை, காய்ந்த பிறகும் வளையும் வெள்ளைப் பசையாக இருக்கட்டும். சூப்பர் க்ளூ கல்லாக இறுகும். அது முடியும் இடத்தில் கரை கிழியும். ரப்பர் சொல்யூஷன் பட்டவுடன் பிடித்துக்கொள்வதால் நகர்த்தித் திருத்த அவகாசம் தராது. ஐப்பசி மழையில் 24 மணி நேரத்தை நம்ப வேண்டாம், 48 விடவும்.

ஃபிலிம் துண்டுகளை உருவிவிட்டு, தூசிமூடி ஒட்டும் முன் 30 ஹெர்ட்ஸ் சைன் அலையைச் சின்ன ஒலியில் ஓட்டவும். கரகரப்புக் கேட்டால் சுருள் உரசுகிறது. வெளிஓரத்தைப் பிரித்து மறுபடி நடுப்படுத்தவும். வெளிஓரத்தைக் கடைசியில் ஒட்டச் சொல்வது இதற்காகத்தான்.”

‘கரை’ எங்கேயும் இடிக்கவில்லை. ‘கரை மாற்றுதல்’ என்று வினையும் கிடைத்துவிட்டது. அதைக் ‘கூம்பு மாற்றுதல்’ என்பதிலிருந்து பிரித்துத் தனித் தலைப்பாகப் போடுங்கள். கடையில் ‘ரீகோன்’ என்று சொல்லிவிட்டு வந்தால் நல்ல கூம்பும் சுருளும் குப்பைக்குப் போய்ப் புதுசு வந்து உட்காரும். புதுக் கூம்பின் எடை வேறாக இருந்தால் ஊஃபரின் ஒத்ததிர்வு (அது இயல்பாக அதிரும் அலைவெண்) நகரும், ஒலியளவு மாறும், பெட்டியும் கிராஸ்ஓவரும் (ஒலியை ஸ்பீக்கர்களுக்குப் பிரித்து அனுப்பும் சுற்று) அதற்குப் பொருந்தாமல் போகும்.

கோடம்பாக்கம்:

வரைவு நன்றாக ஓடுகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சொற்சுட்டியில் ‘ஃபோம் – காண்க: நுரைக்கரை’ என்று ஒரு வரி இருக்கட்டும். தேடுகிறவர் ஃபோம் என்றுதான் தேடுவார்.

இன்னொரு இடம் விடுபட்டிருக்கிறது: அளவு. கடையில் முதல் கேள்வியே ‘எத்தனை இன்ச்?’ அது சட்டகத்தின் அளவு, கரையின் அளவு அல்ல. 1969-இல் வந்த அட்வென்ட் ஸ்பீக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஊஃபரைச் சுற்றி மேசனைட் வளையம் ஒன்று உண்டு. வெளியே டேப் வைத்தால் 12 இன்ச் மாதிரித் தெரியும், உள்ளே கூம்பு 10 இன்ச் வகை. 12 இன்ச் ஃபோம் வாங்கிவந்தால் காசு போனதுதான். இந்த அளவுகளுக்கும் பெயர் வைக்க வேண்டும்.

மயிலாப்பூர்:

நடுவில் எழும்பி நிற்கும் வளைவு ‘முகடு’. அப்படியானால் நான்கு அளவு: உள்ஓர விட்டம், முகடு தொடங்கும் விட்டம், முகடு முடியும் விட்டம், வெளிஓர விட்டம். முகடு ஒன்றாக இல்லாமல் வரிசையாக நெளிந்திருந்தால் ‘கொசுவக்கரை’ என்று சொல்லிவிடலாம். கொசுவம் தெரியாத வீடு இல்லை.

அம்பத்தூர்:

கொசுவக்கரை பிரமாதம். நான்கையும் மில்லிமீட்டரில் எடுக்கச் சொல்லுங்கள். முதலாவதுதான் முக்கியம்: கூம்பின் மேல் பழைய பசை விட்ட வட்டத்தை அளந்து அதோடு ஒத்துப் பார்க்க வேண்டும். ஐந்தாவதாக, உள்ஓரம் தட்டையா சாய்வா என்பதையும் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். சாய்ந்த கூம்பில் தட்டையான ஓரத்தை அமுக்கி ஒட்டினால் முகடு கோணிக்கொள்ளும்.

நுரைக்குப் பதில் ரப்பர் போட்டால் நிரந்தரம் என்கிறவர்களுக்கும் ஒரு வரி வேண்டும். ரப்பர் கனம். அசையும் எடை கூடினால் ஒலியளவு குறையும். விறைப்பும் கூடினால் ஒத்ததிர்வு மேலே ஏறி அடித்தொனி மெலியும். 1954-இல் ஏஆர் (அகூஸ்டிக் ரிசர்ச்) கம்பெனி தொடங்கிவைத்த மூடிய பெட்டி வகையில், கூம்பைத் திருப்பி இழுக்கும் வில்லாக வேலை செய்வதே பெட்டிக்குள் இருக்கும் காற்று; கரை தொளதொளவென்று இருக்க வேண்டும் என்பதுதான் அங்கே கணக்கு. நுரை போட்டு வந்த பெட்டிக்கு நுரையே போடட்டும்.

பெரம்பூர்:

‘கூம்புக்கரை’ தலைச்சொல், ‘கரை’ சுருக்கம், நுரைக்கரை, துணிக்கரை, ரப்பர்க்கரை, கொசுவக்கரை கிளைகள். ‘ஃபோம்’ சுட்டியில் மட்டும். ரப்பர்க்கரைக்கு ‘மாற்றத் தேவையில்லை, ஈரத்துணியால் துடைக்கவும்’ என்று குறிப்பு எழுதியிருக்கிறேன்.

அடுத்தது ஸ்பைடர். சுருளின் கழுத்தைப் பிடித்து நிற்கும் மஞ்சள் துணி வட்டு. ‘சிலந்தி’ என்று ஒருவர் தனிமடலில் அனுப்பியிருக்கிறார்.

அம்பத்தூர்:

சிலந்தி வேண்டாம். ஆரம்ப காலத்தில் அது கால்கால்களாக வெட்டிய தகடாக இருந்தது, பெயர் பொருந்தியது. இப்போது கால் எங்கே இருக்கிறது? வட்டமாக நெளிந்த துணிதான். ‘நெளிவட்டு’ என்று வையுங்கள்.

ரப்பர்க்கரைக் குறிப்பை மட்டும் கொஞ்சம் மாற்ற வேண்டும் ஐயா. ரப்பர் நன்றாக இருந்தும் அதன் ஓரத்துப் பசை காய்ந்து பெயர்ந்து நிற்பது சாதாரணம். ‘பெயர்ந்த இடத்தில் பழைய பசையைச் சுரண்டிவிட்டு, அதே ரப்பரை மறுபடி ஒட்டவும்; இங்கே ரப்பர் ஒட்டும் பசைதான், வெள்ளைப் பசை பிடிக்காது’ என்று சேர்த்துவிடுங்கள்.